நாள் பார்த்துப் போன மலை

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். கிளீனராக லாரியில் ஏறியவன், நாமக்கல்லில் சொந்த லாரிகளுக்கு முதலாளியாகத்தான் இறங்கினேன். நல்ல நேரம் பார்க்காமல் என் வண்டி ஒன்றுகூட ஷெட்டை விட்டு நகர்ந்ததில்லை. அப்படிப் பார்த்து எடுத்ததால்தான் மலையில் ஒன்றுகூட உருளவில்லை. கொல்லிமலை வளைவில் ஒற்றைக் கையால் ஸ்டியரிங் திருப்பியவன் என்று என்னைப் பற்றி ஸ்டாண்டில் இன்றைக்கும் பேசிக்கொள்வார்கள். அதனால் நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் இருந்தபோதும் எங்கே கிளம்புவதென்றாலும் நாள் பார்ப்பது நான்தான்.

அந்த அக்டோபரில் மருமகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். இலை சிவக்கிற மலையை ஒரு தடவை பார்க்க வேண்டும். அவர்கள் அமெரிக்கா வந்த வருடம் மூத்தது கைக்குழந்தை, பிறகு இளையதின் பிரசவம், பிறகு மகனுக்கு வேலை நெருக்கடி என்று ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போயிருந்தது. இப்போது மகனுக்கு டெக்ஸாஸில் வேலை. அடுத்த மாதம் அங்கே கேட்டி என்கிற ஊருக்குக் குடிபோகிறார்கள். அந்தப் பக்கம் மலையும் கிடையாது, இப்படிச் சிவக்கிற காடும் கிடையாதாம். இந்த வருடம் விட்டால் விட்டதுதான்.

முதல் ஞாயிறு புளிச்சோறு கட்டி வைத்தாள். ஊரிலிருந்து நான் கொண்டுவந்த தினசரிக் காலண்டரில் அன்றைக்குக் கரிநாள். வேண்டாம் என்றேன். அடுத்த ஞாயிறும் கட்டினாள், அன்றைக்கு அஷ்டமி. மகனுக்குப் பொறுக்கவில்லை.

“அப்பா, அது நம்ம ஊர் டைமுக்குப் போட்டது. இங்க கணக்கே வேறப்பா.”

“கிரகம் என்னடா, உன்னாட்டம் விசா வாங்கிட்டா ஊர் மாறுது?”

அவன் தலையில் அடித்துக்கொண்டு வேன் சாவியை ஆணியில் மாட்டினான். கம்ப்யூட்டர் படித்தவன்தான். மருமகள் கட்டுச்சோற்றை அவிழ்த்துத் தட்டில் வைத்தாள்.

மூன்றாவது ஞாயிறு அருமையான நாள். காலையிலேயே வேனைக் கிளப்பினோம். பென்சில்வேனியாவுக்குள் நுழைந்து மலை ஏற ஏற, பேத்தியும் பேரனும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு சிவப்பு இலையை யார் முதலில் பார்ப்பது என்று சண்டை போட்டார்கள். யாரும் ஜெயிக்கவில்லை. மேலே போனால் அத்தனை மரமும் மொட்டை. இரண்டு நாள் முன்னால் மழையும் காற்றுமாக அடித்து உதிர்த்துவிட்டிருந்தது. போன வாரம் வந்திருக்க வேண்டும் என்று அங்கே நின்ற வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் சொன்னதை மகன் எனக்குக் கொஞ்சம் சத்தமாகவே தமிழில் சொன்னான்.

மருமகள் ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்த மொட்டைக் கிளைகளைப் பார்த்தாள்.

“மாமா, இந்த இலைங்களுக்கு அஷ்டமியே தெரியலீங்க. அதுபாட்டுக்கு விழுந்துருச்சுங்க.”

மகன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகம்தான் சிரிக்கவில்லை.

பிள்ளைகளுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. சருகு முழங்கால் உயரம் கிடந்தது. பேரன் அதற்குள் புதைந்துகொண்டு “தாத்தா, ஃபைன்ட் மீ” என்று கத்தினான். தேடி இறங்கினேன். பேத்தி பின்னாலிருந்து என் குரங்குக் குல்லாய்க்குள் ஒரு கை சருகைத் திணித்தாள். அந்த வயதிலும் இரண்டு பேரையும் ஆளுக்கொரு கையில் தூக்கிக்கொண்டு மேடேறினேன். மகனுக்கு அதைப் பார்த்தே மூச்சு வாங்கியது.

சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது மருமகள் மெதுவாகச் சொன்னாள். “ஏனுங்க, ஃப்ரீவே வேண்டாங்க. ஆத்தோரமா கீழ போற ரோட்டுல போலாங்களா?”

சுற்று, இருட்டிவிடும் என்று மகன் இழுத்தான். அவள் என்னைப் பார்த்தாள்.

“அம்மணி சொல்ற ரோட்டுலயே விடுடா” என்றேன்.

சின்ன ரோடு. இறங்க இறங்கக் காற்று அடங்கியது. முதலில் ஒரு மஞ்சள் மரம், அப்புறம் இரண்டு. ஒரு வளைவு திரும்பியதும் ஆற்றின் இரண்டு கரையும் குங்குமத்தைக் கொட்டியது போல் நின்றது. மேலே அடித்த காற்று பள்ளத்துக்குள் வரவேயில்லை. மகன் வண்டியை நிறுத்துவதற்குள் அவள் கதவைத் திறந்துவிட்டாள். ஒரு மரத்தடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். முகமெல்லாம் சிவப்பு.

கொஞ்ச நேரத்தில் மகன் கைக்கடிகாரத்தைத் தட்டினான். “கிளம்பலாமா? நாலே முக்கால் ஆச்சு.”

“ஞாயித்துக்கிழமை நாலரைலிருந்து ஆறு வரைக்கும் ராகுகாலம். நின்ன வண்டிய இப்ப எடுக்கக் கூடாது.”

“காலைல எடுத்த வண்டிதானேப்பா இது?”

“நிறுத்திட்டு எடுத்தா அது புதுப் பயணம். லாரிக்காரன் சொல்றேன், கேளு.”

மருமகள் திரும்பிப் பார்த்தாள். “நெசமாவே அப்படிச் சாஸ்திரம் இருக்குதுங்களா மாமா?”

“நான் சொன்னா இருக்குது அம்மணி. நீ பாரு.”

அப்போதுதான் அவள் சிரித்தாள். வேனிலிருந்து ஜமக்காளத்தை எடுத்து மரத்தடியில் விரித்து, பக்கத்துக்கொன்றாகப் பிள்ளைகளைப் படுக்கவைத்துக்கொண்டு தானும் மல்லாந்து படுத்தாள். மகனும் முனகிக்கொண்டே போய் ஓரத்தில் உட்கார்ந்தான். ஆறு அடிக்கும்வரை அவனிடம் வாங்கிய வேன் சாவி என் சட்டைப்பையில் இருந்தது.