கொரியப் பாட்டுக்கு ஒரு கையொப்பம்

என் பட்டப்படிப்பு ஆய்வுக் கட்டுரைக்கு நான் எடுத்த தலைப்பு, கொரியச் சினிமா மறுபடி எழுந்ததில் இசையின் பங்கு. விரிவுரையாளருக்குப் பிடிக்கவில்லை. "நீங்க தோட்டத்துப் பிள்ளைதானே? கொழுந்து கிள்ளுறப்போ பாடுற பாட்டுகளைப் பத்தி எழுதுங்க. கொரியாவப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார். அவர் கையொப்பம் இல்லாமல் கட்டுரை செல்லாது, கட்டுரை இல்லாமல் பட்டமும் இல்லை. கோபத்தை விழுங்கிக்கொண்டு பதுளைக்கு ரயில் ஏறி, எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன்.

வெளிநாட்டுப் படங்களே தியேட்டர்களை நிறைத்திருந்த காலத்தில், ஊர் ஊராகப் பாடித் திரியும் ஒரு குடும்பத்தைப் பற்றிய படம் கொரியர்களைத் தங்கள் படத்துக்கே வரிசையில் நிற்க வைத்தது. அந்தப் படத்தைத் தூக்கி நிறுத்தியது பாட்டுதான். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குப் பைத்தியமே பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகலில், இரவல் வாங்கிய ஸ்பீக்கரில் அந்த வகைப் பாட்டு ஒன்றைப் போட்டேன். ஒரு பெண் குரல், ஒற்றை மேளம், நிதானமான அடி. நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எங்கள் தோட்டத்தில் தப்பு மேளம் அந்த வேகத்தில் கேட்டால் சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். பக்கத்து வீட்டு அக்கா பதறிப்போய் ஓடி வந்தார்.

"யாருடி போயிட்டா?"

பின்னாலேயே தப்பு அடிக்கும் மாமா, தோளில் துண்டோடு வந்து நின்றார்.

"யாரும் சாகலக்கா, இது கொரியாப் பாட்டு" என்றேன். அக்கா என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து கேட்டார். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"இவன் சும்மா அடிக்கல. அந்தப் பொம்பள மூச்சு எடுக்கிற எடத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கான். நடுவுல சபாஷ் போடுறான் பாரு."

மாமாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. நான் இரண்டு பக்கம் எழுதித் திணறியதை அப்படியே சொல்லிவிட்டார். அவர் வார்த்தைகளையே கட்டுரையில் சேர்த்தேன்.

திரும்பிப் போய்க் கட்டுரையைக் கொடுத்தபோது, விரிவுரையாளருக்கு அந்தப் பக்கம் மட்டும் பிடித்தது. "தலைப்பைத் தோட்டத்துத் தப்புன்னு மாத்துங்க. இப்பவே கையொப்பம் வைக்கிறேன்."

"முடியாது சேர். மத்தப் பிள்ளைங்க பிரெஞ்சுப் படம், ஈரான் படம் எடுத்தாங்க. அவங்களையும் ஊர்ப் பாட்டு எழுதச் சொன்னீங்களா?"

அவர் கட்டுரையை என் பக்கம் தள்ளினார். நான் கதிரையை விட்டு எழவில்லை. கடைசியில் அதைத் திரும்ப இழுத்துக் கையொப்பமிட்டார். கிடைத்தது தேறுவதற்கு வேண்டிய ஆகக் குறைந்த புள்ளி. அதை வைத்துக்கொண்டுதான் இன்றும் வேலை தேடுகிறேன். நேர்முகத்தில் ஆய்வுத் தலைப்பைக் கேட்டால், அடுத்த அறைக்குக் கேட்கும்படி சொல்கிறேன்.