ரோசிக்குக் கட்டிய மல்லிகை

எங்கள் ரோசிக்கு மாப்பிள்ளை செவ்வாப்பேட்டையில் கிடைத்தான். அவளைப் போலவே சந்தன நிற லேப்ரடார் நாய். அவனை வளர்த்தவரும் அப்பாவும் கும்மிடிப்பூண்டியில் ஒரே கம்பெனி. கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்கள். குட்டிகளில் பிடித்ததைச் சம்பந்தி முதலில் எடுத்துக்கொள்வார் என்று ஏற்பாடு. பெண்ணைத்தான் மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டுமாம். ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு முறை அவளை ஆட்டோவில் ஏற்றிப் போனார் அப்பா. அவர் அதை ‘கிராஸ்’ என்றார், நான் கல்யாணம் என்றேன். கல்யாணத்துக்கு என்னை விட்டுவிட்டுப் போகிறார்களே என்று இரண்டு முறையும் அழுதேன்.

அதன்பிறகு எங்கள் மணவாள நகர் வீட்டில் ரோசி வைத்ததுதான் சட்டம். முட்டை, கோழி ஈரல் என்று அவள் தட்டு நிறைந்தது. மாடிப்படி ஏறக்கூடாது, யாரும் அதட்டக்கூடாது. நான் அவள்மேல் சாய்ந்தால் அம்மாவின் குரல் உயரும்.

“வாயும் வயிறுமா கீறா, அவ மேல போய் வுழுறியே!”

ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றார் அப்பா. கண் பட்டுவிடும் என்று அம்மா தடுத்துவிட்டாள். வயிறுதான் கண்ணுக்கே தெரிகிறதே என்றாள். தெரிந்தது உண்மைதான். அது அத்தனையும் முட்டையும் ஈரலும் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த நாட்களில்தான் அப்பாவின் தங்கை, என் அத்தை, ஊத்துக்கோட்டையிலிருந்து வந்தாள். எட்டாம் மாதத்தில் அவள் பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோயிருந்தது. எனக்குச் சொல்லப்பட்டது வயிற்றுவலி. முன்பு பார்த்தபோது இருந்த பெரிய வயிறு இப்போது இல்லாததைக் கண்டு, வலி நன்றாகவே குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவள் யாரோடும் பேசவில்லை. சாயங்காலமானால் அம்மா மல்லிகைப்பூ வாங்குவாள். அத்தையை அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வெளியே வரும்போது இருவர் தலையிலும் பூ இருக்காது.

“இவ கண்ணெதிர்க்கவா அது குட்டி போடணும்? சம்பந்தி ஊட்ல கொண்டுபோய் வுட்டுடலாமா?” என்று அம்மா அப்பாவிடம் கிசுகிசுத்தாள். அதை யோசித்து முடிப்பதற்குள் ரோசி கட்டிலுக்கு அடியில் இடம் பிடித்துவிட்டாள். அப்பா கம்பெனியிலிருந்து கொண்டுவந்த வெள்ளை நூல் கையுறை ஒன்றை இழுத்துப்போய், அதைச் சுற்றிச் சுருண்டு படுத்தாள். நக்கி நக்கி அதை நனைத்தாள். மடி கட்டிப் பால் கசிந்தது. குட்டிதான் வரவில்லை. யார் கிட்டே போனாலும் உறுமினாள். அத்தையை மட்டும் விட்டாள். அத்தை தரையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கடைசியில் திருவள்ளூரிலிருந்து கால்நடை டாக்டரை வீட்டுக்கே அழைத்து வந்தார்கள். அவர் வயிற்றைத் தடவிப் பார்த்தார், கையோடு கொண்டுவந்திருந்த ஸ்கேன் மெஷினை வைத்தும் பார்த்தார்.

“குட்டியே இல்லீங்க. சில நாய்ங்களுக்கு இப்படி வரும். உடம்பு தானா நம்பிக்கும், பாலும் ஊறும். அந்தக் கையுறைய எடுத்துடுங்க. மடிய நக்க விடாதீங்க, நக்க நக்கத்தான் பால் ஊறும். நக்காம விட்டா வத்திடும்.”

அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

டாக்டர் போனதும் அப்பா கட்டிலுக்கு அடியில் கையை விட்டார். வந்த நாளிலிருந்து வாயே திறக்காத அத்தை அவர் தோளைப் பிடித்தாள்.

“புடுங்காத அண்ணா. நான் எடுக்கிறேன்.”

ரோசியின் தலையைத் தன் மடியில் வைத்து வெகுநேரம் தடவிக்கொடுத்து, அவள் கண் மூடியபிறகு கையுறையை உருவினாள். விழித்ததும் ரோசி அறை அறையாகத் தேடினாள். அலமாரிக்குப் பின்னால், செருப்புகளுக்கு நடுவில், என் பள்ளிப் பைக்குள்ளும். அப்படி ஒரு முனகலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. எனக்கே அழுகை வந்தது.

“அண்ணி, இன்னிக்கு ரெண்டு முழம் சேத்து வாங்கேன்” என்றாள் அத்தை.

மார்பில் மல்லிகையை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அம்மாவும் அத்தையுமாக ரோசியின் மடியில் பூவைப் பரப்பி, பழைய புடவைத் துணியால் முதுகைச் சுற்றிக் கட்டினார்கள். அவள் அசையாமல் நின்றாள். நான் கைதட்டிச் சிரித்தேன்.

“ஐ, ரோசிக்கு மறுபடியும் கல்யாணமா?”

அம்மா கையை ஓங்கினாள். அத்தை தடுத்தாள்.

“அடிக்காத அண்ணி. ஆமாண்டி கண்ணு, கல்யாணந்தான்.”

என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். என் தலை மார்பில் பட்டதும் வலியில் பல்லைக் கடித்தாள். ஆனாலும் விடவில்லை. அவள் ரவிக்கைக்குள்ளிருந்தும் மல்லிகை வாசம் வந்தது. ஓகோ, அத்தைக்கும் கல்யாணம்போல, இந்த முறையாவது என்னைக் கூட்டிப்போவார்கள் என்று நான் சந்தோஷப்பட்டேன்.