அங்காளம்மாளோடு உட்கார ஓர் ஓட்டல்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்த அருணகிரிக்குப் படகில் ஏறினால் தலை சுற்றும். மீன்பிடிக்கிற குடும்பத்தில் அது கொஞ்சம் வெட்கமான விஷயம். அண்ணன் ராஜவேலு வலைக்குப் போனார். தம்பியான அருணகிரி, பிடித்ததை விற்கப் போனார். இறாலையும் நண்டையும் கூடையில் அடுக்கி, ஐஸ் உடைத்துப் போட்டு, மேலே ஈரச் சாக்கை மூடிக்கொண்டு முதல் பஸ்ஸில் பொன்னேரி வருவார். அங்கிருந்து பாசஞ்சர் ரயில். மெட்ராஸில் மண்ணடியிலும் வால்டாக்ஸ் ரோட்டிலும் மவுண்ட் ரோட்டிலும் சில மிலிட்டரி ஓட்டல்களுக்கு அவர்தான் சரக்குப் போட்டார். எல்லா இடத்திலும் பின்வாசல் வழியாகத்தான் போக்குவரத்து.

1968இல் அவருக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகியிருந்தது. மனைவி அங்காளம்மாள் எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்தவர். கல்யாணமாகி ஆறேழு வருஷம், குழந்தை இல்லை. வீடு இரண்டே அறை. அம்மா செல்லியம்மாள், அண்ணன், அண்ணி, அவர்களுடைய பிள்ளைகள் எல்லோரும் அதற்குள்தான். புருஷனும் பொண்டாட்டியும் பேசிக்கொள்வதென்றால் “தண்ணி குடு”, “துண்டு எங்க” என்ற அளவில்தான் முடியும். அதற்கு மேல் பேசினால் வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்.

அந்த வருஷம் மாசியில் செல்லியம்மாள், ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு குப்பத்தில் பெண் இருப்பதாக மகனிடம் சொன்னார். இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொள்ளலாம், முதல் பெண்டாட்டியும் வீட்டிலேயே இருக்கட்டும் என்பது அவருடைய யோசனை. சட்டம் என்ன சொல்கிறது என்று அந்தக் குப்பத்தில் யாரும் கேட்டதில்லை. அருணகிரி முடியாது என்று சொல்லிவிட்டார். செல்லியம்மாள் அதைப் பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில், மீன் காயவைக்கிற இடத்தில், பெண் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அங்காளம்மாள் காதிலும் அது விழுந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்; பேச்சும் குறைந்துபோயிற்று.

மனைவியிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று அருணகிரி நினைத்தார். ஆனால் எங்கே வைத்துச் சொல்வது? வீட்டில் முடியாது. ஏரிக்கரையில் எப்போதும் ஆள் நடமாட்டம். மண்ணடி ஓட்டலில் ஒரு நாள் கூடையை இறக்கிவிட்டு முன்பக்கம் எட்டிப் பார்த்தபோது, ஒரு பணக்காரக் குடும்பத்தில் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து, அவசரமில்லாமல் பேசிக்கொண்டே சாப்பிடுவதைப் பார்த்தார். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது.

அந்த ஓட்டலில் சர்வராக இருந்த தணிகாசலத்திடம் கேட்டார். தணிகாசலம் பொதட்டூர்பேட்டைக்காரர், பட்டணத்துக்கு வந்து பல ஓட்டல் மாறியவர்.

“அண்ணே, ஒரு பொம்பளைய கூட்டினு போய் உக்கார்ந்து பேசற மாதிரி ஓட்டலு எது நல்லாருக்கும்?”

“யார் அந்தப் பொம்பள?”

“எம் பொண்டாட்டிதான்.”

தணிகாசலம் முகத்தில் இருந்த ஆர்வம் போய்விட்டது. “ஊட்ல பேச எடமில்லியா?” என்றார். பிறகு அவரே கொஞ்சம் யோசித்து, “இங்க வேணாம். உன்ன எல்லாருக்கும் தெரியும். எறாலுக்காரன் வந்துகிறான்னு உள்ளயிருந்து வந்து வந்து பாப்பானுங்க” என்றார்.

அது நியாயமாகப் பட்டது. சரக்குப் போடுகிற ஓட்டல்கள் எல்லாம் கழிந்தன. அடுத்த சில வாரம் அருணகிரி கூடைகளை ஒப்படைத்த பிறகு உடனே ரயிலுக்குத் திரும்பாமல் ஒவ்வொரு ஓட்டலாகப் போய் உட்கார்ந்து பார்த்தார். சௌகார்பேட்டையில் ஒரு இடத்தில் பலகாரம் நன்றாக இருந்தது. ஆனால் அடுத்து உட்கார வேண்டிய ஆள் அவருடைய நாற்காலியைப் பிடித்தபடியே நின்றார். மவுண்ட் ரோட்டில் ஒன்று ஏ.சி. வைத்தது. வாசலில் தலைப்பாகை கட்டிய ஆள் கதவைத் திறந்துவிட்டதும், உள்ளே போகாமல் ஏதோ மறந்துவிட்டவர் மாதிரி திரும்பி வந்துவிட்டார். இன்னொன்றில் பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்கவில்லை.

கடைசியில் பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு சைவ ஓட்டல் கிடைத்தது. மாடியில் பேமிலி ரூம் இருந்தது. பலகைத் தடுப்புகள், பச்சைத் திரை, உள்ளே ஒரு மேசை, தலைக்கு மேலே மின்விசிறி. திரையை இழுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. பழக்கதோஷத்தில் சந்து வழியாகப் போய்ச் சமையலறையையும் ஒரு பார்வை பார்த்தார். சுத்தமாக இருந்தது. முடிவு செய்துவிட்டார்.

வீட்டில் அம்மாவிடம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்றார். குழந்தைக்காக என்று செல்லியம்மாள் எடுத்துக்கொண்டு, போய்வரச் சொன்னார். ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமை அது. ஞாயிற்றுக்கிழமை எந்த ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள் என்று அங்காளம்மாள் மனதில் ஓடியது. மீன் வாசனை போக வேண்டுமென்று இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்து, கல்யாணத்துக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் புறப்பட்டார்.

ரயிலில் இருந்து இறங்கி, எந்த ஆஸ்பத்திரிப் பக்கமும் போகாமல் ஓட்டல் மாடிக்கு அழைத்துப் போனபோது அவர் முகம் இறுகிப்போயிற்று. அருணகிரி அதைக் கவனிக்கவில்லை. திரையைச் சரியாக மூடுவதிலேயே இருந்தார்.

நெய் தோசை, கேசரி, காப்பி என்று வரவழைத்தார். சர்வர் உள்ளே வருவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் இருமினார். அந்த இருமல் அருணகிரிக்குக் கூச்சமாக இருந்தது. தாங்கள் ஏதோ செய்துகொண்டிருப்பதாக அந்த ஆள் நினைக்கிறான் என்று தோன்றியது. பக்கத்துத் தடுப்பில் ஒரு பெண் சிரித்தார். அங்காளம்மாள் தோசையில் பாதியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

“நல்லா இல்லியா?”

“நல்லாத்தான் கீது.”

சொல்ல வந்ததை எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்று அருணகிரிக்குத் தெரியவில்லை. கை கழுவிக்கொண்டு கீழே இறங்கினார்கள்.

சென்ட்ரலை நோக்கி நடக்கும்போது ஒரு தெருமுனையில் அங்காளம்மாள் நின்றார். அங்கே ஒரு முஸ்லிம் பெரியவர் நடத்திய டீ ஓட்டல் இருந்தது. தெருவைப் பார்த்தபடி அகலமான ஜன்னல், அதை ஒட்டி ஒரு மேசை, இரண்டு ஸ்டூல். உள்ளே பெண்கள் யாரும் இல்லை.

“இங்க உக்காரலாம்” என்றார்.

“இது ஆம்பளைங்க குந்தற எடம்மே.”

“தெருவு தெரியுது இல்ல. உக்காரு.”

டீயும் பன்னும் வந்தன. வெளியே ரிக்‌ஷாக்களும் பஸ்களும் போய்க்கொண்டிருந்தன. அங்காளம்மாள் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, தெருவைப் பார்த்தபடியே கேட்டார்:

“பொண்ணு பேரு இன்னா?”

“எந்தப் பொண்ணு?”

“உங்கம்மா பாத்து வெச்சிகீதே, அதான்.”

“எனக்குத் தெரியாது. நான் கேக்கல.”

“பேரு கூட கேக்காமயா கட்டிக்கப் போற?”

“யாரு கட்டிக்கப் போறது? முடியாதுன்னு அன்னிக்கே சொல்ட்டேன்.”

“என்னிக்கு?”

“மாசி மாசமே.”

அங்காளம்மாள் இப்போதுதான் திரும்பிப் பார்த்தார். “மாசிலருந்து நான் இதையே நெனச்சினு கெடக்கறேன். நீ வாயத் தொறக்கல.”

“ஊட்ல எங்க சொல்றது? அதச் சொல்லத்தான் இங்க இட்டாந்தேன்.”

“மேல கூட்டினு போய்த் திரைய இழுத்து உட்டியா, நான் அழுதா நாலு பேரு பாக்கக் கூடாதுன்னுதான் இட்டாந்தன்னு நெனச்சேன். தோச தொண்டைல எறங்கல.”

தேடித் தேடிப் பிடித்த இடம் இப்படி ஆகும் என்று அருணகிரி எதிர்பார்க்கவில்லை. அங்காளம்மாள் கடைக்காரரைப் பார்த்து இன்னொரு பன் கேட்டார். பொன்னேரி ரயில் புறப்படும் நேரம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அண்ணியைப் பற்றி, ஏரியில் தண்ணீர் இறங்கிப்போனதைப் பற்றி, எண்ணூரில் அங்காளம்மாளின் தம்பி வாங்கியிருந்த சைக்கிளைப் பற்றியெல்லாம் பேசினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் செல்லியம்மாள், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். “ஆஸ்பத்திரிக்கே போகலம்மா. ஓட்டலுக்குப் போனோம்” என்று அங்காளம்மாள் சொல்லிவிட்டார். அது குப்பம் முழுக்கப் பரவியது. புருஷனும் பொண்டாட்டியும் ரயிலேறிப் போய்த் தோசை தின்றுவிட்டு வந்தார்கள் என்பதைப் பல நாள் பேசிச் சிரித்தார்கள். செல்லியம்மாள் மருமகளோடு பேசுவதை நிறுத்தினார். பெண் பேச்சும் அதோடு நின்றது. அந்தப் பெண்ணை வேறு யாருக்கோ கட்டிக் கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டார்கள்.

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலை வேலைகள் ஆரம்பித்தபோது, ஒரு கேன்டீனில் சாமான் வாங்கிப் போடுகிற வேலை அருணகிரிக்குக் கிடைத்தது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறை எடுத்துக் குடிவந்தார்கள். இப்போது பேசுவதற்கு வீடே இருந்தது. இருந்தாலும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மெட்ராஸ் போவதை விடவில்லை. ஓட்டலைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அங்காளம்மாளிடம் போய்விட்டது. ருசியைப் பற்றி அவர் அதிகம் கவலைப்படவில்லை. தெரு தெரிய வேண்டும், எழுந்திரு என்று யாரும் விரட்டக் கூடாது. புரசைவாக்கத்தில் ஒரு ஓட்டல் மேனேஜர், லேடீஸ் எல்லாம் மாடிக்குத்தான் போகவேண்டும் என்று சொன்னபோது, “மேல எனக்கு மூச்சு முட்டும் சார், இங்கியே உக்கார்றோம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுக் கல்லாவுக்குப் போனார்.

எல்லாப் பயணமும் இனிமையாக முடிந்ததென்று சொல்ல முடியாது. ராஜவேலு தன் கடைசி மகள் செல்வியை வளர்க்கத் தருவதாகச் சொன்ன விஷயத்தை அருணகிரி எழும்பூரில் ஒரு ஓட்டலில் வைத்துதான் எடுத்தார். “கொறைய மூடறதுக்கு ஒரு கொழந்தையா? எனக்கு வேணாம்” என்றார் அங்காளம்மாள். வாக்குவாதம் முற்றி, திரும்பும்போது அவர் லேடீஸ் பெட்டியில் ஏறிக்கொண்டார். கும்மிடிப்பூண்டியில் இறங்கி இருவரும் தனித்தனியாக வீட்டுக்கு நடந்தார்கள். அதற்கடுத்த வருஷம் அண்ணி காமாலையில் படுத்தபோது பார்க்கப்போன அங்காளம்மாள், யாரும் கேட்காமலேயே செல்வியைக் கையோடு கூட்டி வந்தார். புருஷனிடம் காரணம் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பிள்ளை அங்கேயே தங்கிவிட்டது.

1978இல் ஒரு முறை செல்வியையும் மெட்ராஸுக்கு அழைத்துப் போனார்கள். பிள்ளை இரண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டது. தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்தது. தெருவில் போகிற ஒவ்வொரு பஸ்ஸும் எந்த ஊருக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தது. சித்தியும் சித்தப்பாவும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடியவில்லை. ரயிலில் அது தூங்கிய பிறகு அங்காளம்மாள் சொன்னார்:

“அடுத்த தபா இத்த பக்கத்துல தெரிஞ்சவங்க ஊட்ல உட்டுட்டு வரலாம்.”

“சரி” என்றார் அருணகிரி.