மூன்று பேருக்குக் கூட்டிப்போட்ட மதிப்பெண்

இங்கிலாந்தின் பர்ன்லியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பட்டறையில் இருபத்தாறு வருஷம் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் சொல்லிக்கொடுத்தவர் ஷீலா என்ட்விசில். பிள்ளைகள் செய்யும் பொருளை விரலால்கூடத் தொடமாட்டார். ரம்பம் கோணலாகப் போனாலும் சரி, பசை வழிந்து மேசையோடு ஒட்டிக்கொண்டாலும் சரி, இரண்டு கைகளையும் ஏப்ரன் பைக்குள் திணித்துக்கொண்டு, "என்னைப் பாக்காத, பலகையப் பாரு" என்பார். பரீட்சைக்கான பொருளைப் பிள்ளை தன் கையாலேயே செய்ய வேண்டும், டீச்சர் உதவியிருந்தால் அதையும் எழுதிவைக்க வேண்டும் என்பது சட்டம். பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, அவர்கள் செய்ததைத் தேய்த்துச் சீர்செய்து வைக்கும் வாத்தியார்களும் உண்டுதான். ஷீலா அந்த ஜாதி இல்லை. அதில் அவருக்குக் கர்வம்கூட உண்டு, கொஞ்சம் அதிகமாகவே.

போன வருஷ வகுப்பில் கெசையா பாம்ஃப்ரெட் என்று ஒரு பெண். அம்மா வீடு வீடாகப் போய்க் கிழவிகளுக்கு முடி வெட்டுகிறவள். சாமான் பையைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறி அவளுக்கு இடுப்பே போய்விட்டது. அம்மாவுக்காகவே கெசையா ஓர் அலுமினியப் பெட்டி செய்தாள். திறந்தால் உள்ளிருந்து கால்கள் மடங்கி இறங்கும், மூடி மேசையாகிவிடும். கால் மடங்குகிற கீல்தான் அவளைப் படாத பாடு படுத்தியது.

"மிஸ், நாலாவது தடவை பிச்சுக்கிச்சு. இதுக்கு 'கால் இல்லாத பெட்டி'ன்னே பேர் வச்சிடட்டுமா?"

"வையேன். உங்கம்மா அத மடியில வச்சுக்கிட்டு முடி வெட்டட்டும்."

"ரொம்பத்தான் இரக்கம் மிஸ் உங்களுக்கு!"

ஐந்தாவது தடவை கீல் நின்றது. ஷீலா நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று போட்டார். அத்தனையும் அவள் உழைப்புக்கு வந்தது, தயவில் போட்டது ஒன்றுகூட இல்லை. எழுத்துத் தேர்வு என்றாலே கெசையாவுக்குக் காய்ச்சல் வரும். மொத்த மதிப்பெண்ணில் பாதி இந்தப் பொருளுக்கு என்பதால் அவள் பிழைத்தாள். ஊருக்கு வெளியே விமான உதிரிபாகம் செய்கிற ஆலையில் தொழில் பழக அவளுக்கு ஓர் இடம் சொல்லிவைத்திருந்தார்கள். ஒன்பதாம் நிலைதான் உச்சம்; இந்தப் பாடத்தில் ஆறாம் நிலையாவது வாங்கினால் இடம் அவளுக்கு. வாங்காவிட்டால் அடுத்த ஆளுக்கு.

ஏப்ரல் மாதம் துணைத் தலைமையாசிரியர் கேவின் த்வெய்ட் பட்டறைக்கு வந்தார். விளையாட்டு வாத்தியாராக இருந்து மேலே போனவர்.

"ஷீலா, உங்க லிஸ்ட்ல மூணு பேரு பாஸுக்குக் கொஞ்சம் கீழ நிக்கிறாங்க."

"கொஞ்சமா? மூணு பேர்ல ஒருத்தன்கூடச் செஞ்சத முழுசா முடிக்கல, கேவின்."

"நான் என்ன பொய்யா சொல்லச் சொன்னேன்? இன்னொரு தடவ பாருங்கன்னுதான சொல்றேன். இந்த வருஷமும் தேர்ச்சி குறைஞ்சா பட்டறைய எடுத்துட்டு உடற்பயிற்சிக் கூடமாக்கிடுவாங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

அவர் போனதும் பட்டறை உதவியாளர் நாரிஸ் கேட்மன் ரம்பத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பந்து பொறுக்குனவன் பேச்சக் கேட்டு எதையாவது செஞ்சு தொலைக்காத, ஷீலா."

"உனக்கென்ன, ரெண்டு வருஷத்துல ரிட்டையர் ஆயிடுவ. நான் எங்க போய் நிக்கிறது?"

வெள்ளிக்கிழமை மதியம் அந்த மூன்று பேருக்கும் ஆளுக்குப் பதினைந்து கூட்டிப்போட்டார். மதிப்பெண் சரியானதே என்று கையெழுத்தும் போட்டார். தேர்வு வாரியம் எல்லாவற்றையும் பார்க்காது, வகுப்பின் முப்பத்தொரு பேரில் எட்டுப் பேருடைய வேலைக் கோப்புகளை மட்டும் மாதிரிக்குக் கேட்கும். அந்த எட்டில் தாராளம் தெரிந்தால் மொத்த வகுப்புக்கும் வெட்டு விழும். இது ஷீலாவுக்குத் தெரியாதா? ஊரில் அத்தனை புது வாத்தியார்களையும் உட்காரவைத்து இதைச் சொல்லிக்கொடுத்ததே இந்த அம்மாள்தான்! தெரிந்தே போட்டார். எட்டில் இவர்கள் வரமாட்டார்கள் என்று குருட்டு நம்பிக்கை.

மூவரில் இரண்டு பேர் அந்த எட்டில் வந்தார்கள். கெசையா வரவில்லை.

ஆகஸ்டில் முடிவு வந்தது. தொண்ணூற்றொன்று எழுபத்தெட்டாகி, கெசையாவுக்கு ஐந்தாம் நிலை. அந்த மூன்று பேரும் அப்போதும் தேறவில்லை. செப்டம்பரில் பட்டறையைக் காலி செய்யப்போகிறார்கள் என்பதைக் கேவின் டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

"அது கெடக்கட்டும். மறுபரிசீலனை கேளுங்க," என்றார் ஷீலா. "அந்தப் பொண்ணோட பெட்டிய அவங்க பாக்கவே இல்ல."

"கேக்கலாமே. அந்த எட்டுக் கோப்புகளையும் திரும்பப் பிரிப்பாங்க. பதினஞ்சு எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. கையெழுத்து உங்களோடது, என்னோடது இல்ல. கேக்கட்டுமா?"

வேண்டாம் என்று ஷீலா தலையசைத்தார். பாவி, எப்படிக் கழன்றுகொண்டான் பாருங்கள்!

சற்று நேரத்தில் கெசையா தேடிக்கொண்டு வந்தாள். அழுது முடித்துவிட்டு வந்த முகம்.

"மிஸ், ஃபேக்டரியில பேசிட்டேன். எதனால அஞ்சு வந்துச்சுன்னு ஸ்கூல்ல எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாங்க. காரணம் சரியா இருந்தா யோசிக்கிறாங்களாம். என் பெட்டியில என்ன மிஸ் குறை?"

"ஒரு குறையும் இல்லடா." ஷீலா கதவைச் சாத்தினார். வெட்கம் பிடுங்கித் தின்றது. "மூணு பேருக்குக் கூட்டிப்போட்டேன். கண்டுபிடிச்சிட்டாங்க. எல்லாருக்கும் வெட்டிட்டாங்க."

கெசையா கத்தவில்லை. "அவங்களாவது பாஸா?" என்றாள்.

"இல்ல."

"அப்ப எனக்கு வெட்டுனது யாருக்கு மிஸ் போச்சு?"

ஷீலா தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி விடுங்க. இப்பச் சொன்னீங்கல்ல, அத அப்படியே எழுதிக் குடுங்க. போதும்."

ஷீலா உட்கார்ந்து எழுதினார். இவளைப்போல் உழைக்கிற பிள்ளையை இருபத்தாறு வருஷத்தில் பார்த்ததில்லை என்று எழுதினார். கீலை ஐந்து தடவை செய்ததை எழுதினார், கை சுத்தம், கண் கூர்மை எல்லாம் எழுதினார். ஒரு பக்கம் நிறைந்தது. மதிப்பெண் கணிப்பில் ஏற்பட்ட மாற்றத்தால் நிலை குறைந்தது என்று கடைசியில் ஒரு வரி. யார் செய்த வேலையால் மாற்றம் என்று எழுதப் பேனா ஓடவில்லை. இனி எந்தப் பள்ளியிலும் வேலை கிடைக்காது, ஓய்வூதியம் போகும், இத்தனை வருஷப் பேரும் போகும்.

கெசையா நின்றபடியே படித்தாள். திருப்பி ஒரு தடவை படித்தாள். பிறகு கடிதத்தை மேசைமேல் வைத்தாள்.

"நான் உழைச்சேன்னு எனக்கே தெரியும், மிஸ். நான் கேட்டது அது இல்ல."

கடிதத்தை எடுக்காமலே போய்விட்டாள். அடுத்த திங்கட்கிழமை ஆலையில் அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.