இரட்டைத் தையல்

அந்தத் தெருவில் தையல்காரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. எல்லோருக்கும் அவள் குண்டூசி. வாயில் எந்நேரமும் நாலு ஊசி இருக்கும். இல்லாதபோது பேச்சு குத்தும். அடித்த புருஷனைத் துணிமூட்டையோடு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியவள். தங்கச்சி இழுத்துக்கொண்டு போய் அவளை மாதர் சங்கத்தில் சேர்த்தாள். அங்கே ஒரே சட்டம்: யார் அடித்தாலும் திருப்பிக் கை ஓங்கக் கூடாது.

"அடி வாங்குறதுக்கு ஒரு சங்கமாடி?" என்று பொரிந்தாள். ஆனாலும் ஊர்வலம் ஒன்றுகூட விட்டதில்லை.

கம்பு கட்டிய பதாகையை ஆயுதம் என்று சொல்லிப் போலீஸ் பிடுங்கிவிட்டது. குண்டூசி விடுவாளா? கம்பில்லாத புதுப் பதாகையின் ஓரம் நெடுக, மணிக்கட்டை நுழைத்துப் பிடிக்க வளையங்கள் வைத்து இரட்டைத் தையல் போட்டாள். 'சண்டை வேண்டாம், சம உரிமை வேண்டும்' என்று நடுவில் எழுதினார்கள்.

"யானை இழுத்தாலும் பிய்யாது" என்று பீற்றிக்கொண்டாள். பிய்யத்தான் இல்லை, பாவி!

அந்தப் பதாகையோடு போன ஊர்வலத்தின் மேல், சந்தை முக்கில் உருட்டுக்கட்டைகளோடு ஒரு ஆம்பளைக் கூட்டம் பாய்ந்தது. மற்றவர்கள் சிதறி ஓடினார்கள். பதாகை பிடித்தவர்கள் ஒருத்தியை ஒருத்தி இழுத்துக்கொண்டு விழுந்தார்கள். வளையத்தில் கை மாட்டிக்கொண்டதால் மண்டையை மறைக்கக்கூட முடியவில்லை. ரத்தம் எழுத்துகளின் மேல் தெறித்தது.

தங்கச்சியை அடித்தவன் அவளைக் கட்டிய புருஷனேதான். "அடியாத மாடு படியாதுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்று வளையத்தில் மாட்டியிருந்த அவள் கையிலேயே போட்டான். எலும்பு முறிந்த சத்தம் குண்டூசிக்குக் கேட்டது.

இடுப்பில் இருந்த கத்தரிக்கோலை உருவினாள். அவன் கழுத்து எட்டும் தூரத்தில் இருந்தது. குத்தத்தான் நினைத்தாள், பொய் என்ன?

"அக்கா, கை வரமாட்டேங்குதுக்கா!"

தங்கச்சியின் மேல் அப்படியே விழுந்தாள். அடுத்த அடி இவள் முதுகில் இறங்கியது. வளையத்தில் கத்தரியை வைத்தாள். அவள் போட்ட தையல், ஒரே வெட்டில் போகவில்லை. இன்னொரு அடி விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்து முடித்தாள்.

ஆஸ்பத்திரியில், வலது கையில் மாவுக்கட்டோடு படுத்திருந்த தங்கச்சி கேட்டாள்: "கத்திரிக்கோல் கையில இருந்துச்சே, அவன ஏன் சும்மா விட்ட?"

"அவனப் பாக்க நேரமில்லடி. உன் கையத்தான் பாத்தேன்." குண்டூசிக்கு அழுகை முட்டியது. "நான் தச்ச தையலே உன்னக் கொன்னிருக்கும். அடுத்த பதாகை வளையத்துக்கு அழுத்துப் பொத்தான் வைக்கிறேன், இழுத்தா விட்டுரும்."

"வை. என்னோடத மட்டும் இடது கைக்கு வை."