மறுநாள் ரொட்டி சானாய்

அப்பா அடித்த மறுநாள் எனக்கு ரொட்டி சானாய் கிடைக்கும். பாலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவர் பால்மரம் வெட்டினார். அடிப்பது தண்ணீர்க் குழாய்த் துண்டால். மறுநாள் வேலை முடிந்து வந்ததும் மோட்டார் சைக்கிளில் என்னை முன்னால் உட்காரவைத்து டவுனுக்குப் போவார். சீனி தூவிய, பரோட்டா போன்ற அந்த ரொட்டியைக் கிழித்து, சூடு ஆற ஊதி, என் தட்டில் வைப்பார். மற்ற நாட்களில் அவர் என்னோடு பேசியதாகவே நினைவில்லை.

என் காலில் வரிவரியாக இருந்த தடிப்பைப் பார்த்து ஆசிரியை ஒருமுறை கேட்டார்.

"லோங்காங்ல விழுந்துட்டேன் டீச்சர்."

சாக்கடையில் விழுந்தால் அப்படித் தடிக்காது. பயத்தில் சொன்ன பொய் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். இல்லை. அப்பாவை யாரும் திட்டிவிடக் கூடாது என்றே சொன்னேன்.

இப்போது கூலிம் டவுனில் இருக்கிறேன். போன மாதம் ஒரு வியாழக்கிழமை, பள்ளிச் சீருடையில் மைலோ பானத்தைக் கொட்டிக்கொண்ட என் பதினோரு வயது மகளை ஹேங்கரால் அடித்தேன். மூன்று அடி. முதல் அடிக்கே அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டாள். மற்ற இரண்டும் அதற்குப் பிறகு விழுந்தவை.

மறுநாள் வெள்ளி. எங்கள் மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிறு பள்ளி உண்டு. யோசிக்காமலேயே அவளை ரொட்டிக் கடைக்குக் காரில் அழைத்துப் போனேன். ரொட்டியைக் கிழித்து ஊதும்போதுதான் என் கையைக் கவனித்தேன். அவள் கையில் சிவப்புக் கோடு இன்னும் இருந்தது.

"ஞாயித்துக்கெழம டீச்சர் கேட்டா என்னம்மா சொல்லுவே?"

"அம்மா ஹேங்கரால அடிச்சாங்கன்னு. வேற என்ன சொல்றது?"

"எம்மேல கோவமா?"

"கோவந்தான். நான் சாரி சொன்னேன்ல? நீங்க இன்னும் சொல்லல. ரொட்டிய ஊதிக்கிட்டு இருக்கீங்க. நான் என்ன பேபியா?"

முதலில் வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக, உடனே, நிம்மதி. எனக்காக இவள் பொய் சொல்லப் போவதில்லை.

"சாரிம்மா. அடிச்சது என் தப்பு. டீச்சர் கேக்குறதுக்கு முன்னால நானே வந்து சொல்றேன்."

"கவுன்சலர் டீச்சர்கிட்டயா?"

"ஆமா. இந்தக் கோவத்துக்கு என்ன செய்யணும்னும் கேக்குறேன்."

சற்று யோசித்தாள். "சரி, அப்ப எனக்கு ஒரு ரொட்டி தெலுர்."

முட்டை ரொட்டி. நான் சிரித்ததைப் பார்த்து முறைத்தாள். "சாரிக்கு இல்ல லா. பசிக்குது."

ஞாயிறு காலை ஆலோசகர் அறை வாசலில் நான் நின்றேன். அவள் திரும்பிப் பார்க்காமல் வகுப்புக்கு ஓடினாள்.