மணி அடித்தபோது கையில் இருந்தது

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் ஸ்கூட்டரில் ஏறி உப்பளங்களைத் தாண்டிப் போவோம். அவர் முன்னால், நான் பின்னால், என் மடியில் சோற்றுத் தூக்கு. பார்க்கிறவர்கள் ஏதோ சொந்தக்காரர் வீட்டு விருந்துக்குப் போகிறோம் என்று நினைத்திருப்பார்கள். நாங்கள் போவது துப்பாக்கி சுடுகிற மைதானத்துக்கு.

என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து வந்தவர். இப்போது துறைமுகத்துப் பக்கம் ஒரு குடோனில் காவல் மேற்பார்வை. ஞாயிறுகளில் சுடும் சங்கத்தில் ரேஞ்ச் ஆபீசர். சுடுகிறவருக்கு ஒரு கை தூரத்தில் நின்று, எப்போது தோட்டாவைப் போட வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்று சொல்வதும், தப்பு நடந்தால் அந்த நொடியே நிறுத்துவதும் அவர் பொறுப்பு. நான் பத்தாவதோடு நின்றவள். எனக்கு அங்கே வேலை சோறு பரிமாறுவதுதான். இரண்டு வருஷமாக அங்கே எல்லோருக்கும் நான் சோத்தக்கா.

சங்கத்தில் ஒரு பல் டாக்டர் அம்மா உண்டு. நாசரேத்துப் பக்கம் ஊர். என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஒருநாள் என் மீன்குழம்பைச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "அக்கா, எத்தனை நாளைக்குத்தான் அகப்பையையே பிடிப்பீங்க? ஒருவாட்டி இதையும் பிடிச்சுப் பாருங்க" என்றாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் தோட்டாப் பெட்டியைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதல் தோட்டாவைக் கண்ணை இறுக மூடிக்கொண்டு சுட்டேன். அது எங்கே போனது என்று மாதாவுக்குத்தான் தெரியும். இரண்டாவது, பத்து மீட்டர் தூரத்தில் நின்ற இரும்புத் தட்டில் பட்டு 'ணங்' என்றது. தட்டு பின்னால் சாய்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பத்து மூன்று வயதில் ஒரு பொம்பளை அப்படிச் சிரித்தால் நன்றாகவா இருக்கும்? ஆனாலும் சிரித்தேன்.

டிவியில் காட்டுகிற மாதிரி ஒரே இடத்தில் நின்று ஒரே வட்டத்தைச் சுடுகிற போட்டி இல்லை இது. இடுப்பில் உறை, உறைக்குள் சங்கத்துப் பிஸ்டல். டைமர் 'கீச்' என்றதும் உருவ வேண்டும். ஒரு பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று இரண்டு தாளைச் சுட்டு, அந்தப் பக்கம் ஓடி மூன்று தட்டைச் சாய்க்க வேண்டும். வேகமும் கணக்கு, குறியும் கணக்கு. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம். பிஸ்டலின் வாய் எப்போதும் எதிரே இருக்கிற மண்மேட்டைத்தான் பார்க்க வேண்டும். ஆளைப் பார்க்கக் கூடாது, தன்னைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அன்றைக்கு நீ வெளியே. எவ்வளவு பெரிய ஆளானாலும் வெளியே.

பிஸ்டலை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அதனால் அவர் படகு கட்டுகிற இடத்தில் கிடந்த பலகைத் துண்டில் ஒரு மரப் பிஸ்டல் செதுக்கிக் கொடுத்தார். பருப்பு வேகிற நேரத்தில் அடுப்படியில் நின்று பழகுவேன். குக்கர் விசில்தான் எனக்கு டைமர். விசில் வந்ததும் உருவி, ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரத்தைக் குறி பார்ப்பேன். இதனால் ஒரு கெட்ட பழக்கம் வந்தது. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது சமையல் பக்கமிருந்து விசில் வந்தாலும் கை இடுப்புக்குப் போகும்.

அவருடைய அக்கா, எனக்கு மதினி, அடுத்த தெருவில் இருக்கிறாள். ஒருநாள் அடுப்படி வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டாள்.

"ஏளா, என்னத்தச் சுடுத?"

"முருங்கைக்காய மதினி."

"தொரட்டி இல்லையா வீட்டுல?" என்றவள், தம்பியிடம் போய், "ஏலே, குழம்புல உப்பு கூடுனாலும் இனிமே வாயத் திறந்துராத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு ஒரு வழக்கம். எந்தக் காரியம் தொடங்கினாலும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வேன். உலை வைக்கும்போது, பஸ் புறப்படும்போது, ஊசி போடுமுன். சுடும்போதும் போட்டேன். முதல் முறை, தோட்டா போட்டுத் தயாராக நிற்கிற நேரத்தில் கையை நெற்றிக்குக் கொண்டுபோனேன். பிஸ்டல் உறைக்குள்தான் இருந்தது. ஆனாலும் 'ஸ்டாண்ட்பை' சொன்னபிறகு கை அசையக் கூடாது.

"ஏளா, போடுறத எல்லாம் லோடு பண்ணுறதுக்கு முன்னாலயே போட்டுரு. அதுக்குப் பெறகு உன் கை உன்னுது இல்ல, எஞ்சொல்லுக்குக் கட்டுப்பட்டது" என்றார் என் வீட்டுக்காரர்.

"வீட்டுல மட்டும் என்னவாம்?" என்றாள் டாக்டர் அம்மா.

"வீட்டுல நான் ரேஞ்ச் ஆபீசர் இல்லம்மா."

அன்றிலிருந்து தோட்டா போடுமுன்பே போட்டுக்கொள்வேன். அவரும் அந்த ஒரு நிமிஷம் வேறு பக்கம் திரும்பி நிற்பார். அவருக்குச் சாமி காரியத்தில் என்னளவு பிடிப்பு இல்லை. பூசைக்கு வருவார், கோயில் வாசலில் ஸ்கூட்டர் பக்கத்திலேயே நிற்பார்.

ஆறு மாசம் பழகியபிறகு புதியவர்களுக்கான போட்டி வந்தது. நான்கு கட்டம். ஜெயிப்பது முக்கியமில்லை. நான்கையும் பாதுகாப்புத் தப்பு ஒன்றுகூட இல்லாமல் முடிக்கிறவர்களுக்கு அட்டை கொடுப்பார்கள். அட்டை இருந்தால்தான் சங்கத்தோடு வெளியூர்ப் போட்டிக்குப் போகலாம். அதில் ரேஞ்ச் ஆபீசர் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு மதுரைக்குப் போய் ஜெயிக்கிற ஆசை எல்லாம் இல்லை. முதுகில் ஒரு நம்பர் குத்திக்கொண்டு நிற்க வேண்டும், சோத்தக்கா என்று இல்லாமல் அந்த நம்பரைச் சொல்லி ஒருவர் என்னைக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை. மாதாவிடம் மட்டும் சொல்லி, மெழுகுதிரி நேர்ந்துகொண்டேன்.

சங்கத்தில் ஒன்றிரண்டு பேர், "அவுக வீட்டுக்காரருதான ஆபீசரு, அட்டை அடுப்படிக்கே போயிரும்" என்று பேசியது அவர் காதிலும் விழுந்தது, என் காதிலும் விழுந்தது.

அன்றைக்குக் காலையில் டைமர் கோளாறு. வேறொன்று வாங்கிவர ஆள் போய் வந்ததில் எல்லாம் தாமதமாகிவிட்டது. வழக்கமாகப் பத்து மணிக்குள் சுட்டு முடித்துச் சாப்பிட உட்கார்ந்துவிடுவோம். அன்றைக்கு நான் நான்காம் கட்டத்துக்கு நின்றபோது வெயில் உச்சியில். கடல் பக்கமிருந்து கொண்டல் காற்று வீச ஆரம்பித்திருந்தது.

மூன்று கட்டம் தப்பில்லாமல் முடித்திருந்தேன். நான்காவதில் இரண்டு தாள், பிறகு தடுப்பைத் தாண்டி ஓடி மூன்று தட்டு. கடைசித் தட்டு இரண்டாவது தோட்டாவில்தான் சாய்ந்தது. சாய்ந்ததும் ஒரு மூச்சு விட்டேன். அந்த நேரம் பார்த்து, கரையோரத்துக் குப்பத்துக் கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. கேட்டதும் சிலுவை போட்டு மாதாவை வேண்டிக்கொள்கிற மூவேளை செபத்துக்கான மணி. பதினோரு மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போய்விடுகிற எனக்கு அந்த மணி அங்கே கேட்கும் என்பதே தெரியாது.

என் வலது கை நெற்றிக்குப் போனது.

கையில் பிஸ்டல் இருந்தது. மேகசினில் இன்னும் இரண்டு தோட்டா.

பாதி வழியில் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "ஸ்டாப்" என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியாத குரல். என் கையைப் பிடித்தபடியே பிஸ்டலின் வாயை மண்மேட்டுக்குத் திருப்பி, தோட்டாக்களை எடுக்க வைத்து, பிஸ்டலின் தோட்டா அறையைத் திறந்து மூன்று தடவை பார்த்தார். என் விரல் டிரிக்கரில் இல்லை. பழக்கிக் கொடுத்தவர் புண்ணியம், சேசுவின் இரக்கம்.

பிறகு எல்லோரும் கேட்கும்படி, "தகுதி நீக்கம்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தாளைப் பார்த்துச் சொன்னார்.

அட்டை அடுப்படிக்குப் போகும் என்று சொன்னவர்கள் தட்டுகளை நிமிர்த்தப் போய்விட்டார்கள். டாக்டர் அம்மாதான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எங்க சி.எஸ்.ஐ. சபையில சிலுவை போட்டுக் கை அசைக்கிற வேலையே கெடையாது அக்கா. கண்ண மூடுனாப் போதும். அதான் நான் தப்பிச்சேன்" என்றாள்.

"கண்ண மூடிட்டுச் சுட்டா என்னை மாதிரிதான் அடிப்ப" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

சோற்றுத் தூக்கோடு அவர் பின்னால் ஏறி வீட்டுக்குக் கிளம்பினேன். உப்பளம் தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்தினார். முன்னால் பார்த்தபடியே, "நெத்தியில போடுறதத்தான போட வந்த. அந்தக் கையில என்ன இருந்துச்சின்னு பாத்தியாளா?" என்றார்.

"மணி கேட்டுச்சி."

"எனக்கும்தான் கேட்டுச்சி." ஸ்கூட்டர் சாவியைத் திருகியபடி, "நான் உன் கையப் பிடிக்காம இருந்திருந்தா…" என்றார். வண்டியை எடுத்தார்.

எனக்கு அட்டை போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. சாமி காரியம் செய்யப் போய் இப்படி ஆகுமா என்றுதான் மனசு குழம்பியது. மணி கேட்டும் கும்பிடாமல் இருந்தால் அது பாவம் இல்லையா? அல்லது எனக்கு இந்த விளையாட்டே வேண்டாம் என்று மாதா சொல்லுகிறாளா? இரண்டு வாரம் சோற்றுத் தூக்கை மட்டும் அவரிடம் கொடுத்தனுப்பினேன். அவர் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நான் அலமாரி மேல் தூக்கிப் போட்டிருந்த மரப் பிஸ்டலை மட்டும் எடுத்து, திரும்ப அஞ்சறைப்பெட்டி பக்கத்தில் வைத்திருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை. புன்னைக்காயலிலிருந்து வந்த நகரை மீனை அரிவாள்மணையில் ஆய்ந்துகொண்டிருந்தேன். பன்னிரண்டு மணி அடித்தது. நான் மீனைச் சட்டியில் போட்டேன், எழுந்தேன், சோப்புப் போட்டுக் கை கழுவினேன், முந்தானையில் துடைத்தேன், பிறகுதான் சிலுவை போட்டேன். போட்டபிறகுதான் உறைத்தது. இருபது வருஷமாக இப்படித்தான் செய்கிறேன். மீன் கவுச்சியோடு நெற்றியைத் தொட்டதே இல்லை. அதற்குள் மணி அடித்து ஓய்ந்துவிடும். மாதா ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை.

அவர் சாப்பிட வந்ததும் சொன்னேன். "ஏங்க, இனிமே அதையும் மீனுன்னு நெனச்சிக்கிடுதேன். கீழ வைக்காம கும்பிட மாட்டேன்."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "சங்கத்துப் பிஸ்டல மீனுன்னு சொன்ன மொத ஆளு நீதான்" என்றார். ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தார். இரண்டாவது தடவை சோறு கேட்டார்.

அடுத்த புதியவர் போட்டி மழைக்காலம் முடிந்து வந்தது. பலகையில் ஒட்டியிருந்த வரிசையில் என் பெயர் கடைசியில் இருந்தது. வரிசை போட்டவர் அவர்.

"ஏங்க, என்னைக் கடைசியில போட்டா மணி அடிச்சிருமே."

"அதுக்குத்தான் போட்டேன். மணிக்கு முன்னால முடிச்சிட்டுப் போயிட்டா, உன்னை நம்பி நான் எப்பிடிக் கையெழுத்துப் போட?"

கோபம் வந்தது. நியாயமாகவும் பட்டது. தோட்டா போடுமுன் சிலுவை போட்டுக்கொண்டேன். அவர் வழக்கம்போல் திரும்பி நின்றார்.

நான்காம் கட்டம். 'கீச்'. உருவினேன். இரண்டு தாள். ஓடினேன். முதல் தட்டு சாய்ந்தது. இரண்டாவதைக் குறி பார்க்கும்போது மணி அடிக்கத் தொடங்கியது. அவர் என் வலது கைக்குப் பக்கத்தில் ஒரு அடி நெருங்கி வருவது தெரிந்தது. மணிக்கட்டில் ஒரு துடிப்பு வந்தது, பொய் சொல்லவில்லை. மீன், மீன் என்று மனசுக்குள் சொன்னேன். இரண்டாவது தட்டைத் தவறவிட்டேன், திரும்ப அடித்தேன். மூன்றாவதும் சாய்ந்தது. மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"முடிஞ்சிதுன்னா அன்லோடு பண்ணிக் காட்டு."

மேகசினை எடுத்தேன். அறையைத் திறந்து காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். மண்மேட்டைப் பார்த்து வெறும் டிரிக்கரை அழுத்தினேன். உறையில் வைத்தேன். கையை எடுத்தேன். அதற்குள் மணி ஓய்ந்திருந்தது.

"ரேஞ்ச் கிளியர்" என்று சத்தமாகச் சொன்னார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "இப்பப் போடுளா" என்றார்.

போட்டேன். செபத்தை முழுசாகச் சொன்னேன். இந்தத் தடவை அவர் வேறு பக்கம் திரும்பவில்லை. டைமரைச் சட்டைப்பையில் போட்டார், தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கினார், பிறகு அவரும் போட்டார். ஓட்டைகளை எண்ணக் காத்திருந்தவர்கள் நாங்கள் முடிக்கும்வரை அப்படியே நின்றார்கள். அதன்பிறகு டாக்டர் அம்மா என் முதுகிலிருந்த நம்பரைச் சத்தமாகக் கூப்பிட்டு, தாளைப் பார்க்க வரச் சொன்னாள்.